கை நனைத்த வீடு

இருளாயி வாழை இலைகளைக் கழுவி, நீர் வடியும்படி கொட்டகைத் தட்டியில் சாய்த்து வைத்தாள். நாலு இலை. மேட்டில் உளிச் சத்தம் ஓய்ந்துவிட்டது. உச்சி வெயில்.

சோறு வடித்தாயிற்று. மரவள்ளிக் கிழங்கு மசியல், பசலைக்கீரை, புளி ரசம். மகள் செல்லாயி பாயை உதறி விரித்தாள். கைக்குழந்தை தூளியில் தூங்கியது.

நாகப்பட்டினத்து வாலிபர்கள் நாலு பேரும் மேட்டிலிருந்து இறங்கினார்கள். ஆற்றில் கைகால் கழுவினார்கள். அவர்களுக்குத் தலைவன் போல் இருந்த கார்த்திகேசு கொட்டகைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டான்.

"சாப்பிட்டுட்டு வரோம்மா."

நாலு பேரும் ரப்பர் மரங்களுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் நடந்து மறைந்தார்கள். அந்தப் பாதை தோட்டத்துக் கணக்கரான கிராணியின் பங்களாவுக்குப் போகிறது. அங்கே அவர்களுக்குச் சாப்பாடு. படுக்கையும் அங்கேதான்.

செல்லாயி பாயைச் சுருட்டினாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் இங்கே சாப்பிடவில்லை என்று முதல் நாளே கேட்டிருந்தாள்.

மார்கழி வெள்ளத்தில் ஆத்துமூலைத் தோட்டத்தின் கீழ் லயம் முழுதும் போயிற்று. லயம் என்றால் கூலிக்காரர் குடியிருக்கும் வரிசை வீடு. மேல் லயம் மேட்டில் இருந்தது, தப்பியது. கீழ் லயத்தில் யார், மேல் லயத்தில் யார் என்பதைக் கப்பலேறுவதற்கு முன்பே ஊரில் முடிவு செய்திருந்தார்கள். கீழ் லயத்தார் தொட்ட தண்ணீரை மேல் லயத்தார் குடிப்பதில்லை. இரண்டு லயத்துக்கும் இரண்டு கிணறு. பால் வாளி மட்டும் ஒன்று. ரப்பர் பாலுக்குத் தீட்டு இல்லை.

வெள்ளத்தில் இருளாயியின் புருஷன் ஐயாவு போய்விட்டான். மிதந்து வந்த மரம் ஒன்று அவள் வலது பாதத்தை நசுக்கிவிட்டது. இனி மலைக்காட்டில் ஏறி ரப்பர் மரத்தில் பால் வெட்ட அவளால் முடியாது. மரத்தில் உறைந்துபோன ஒட்டுப்பாலை உட்கார்ந்த இடத்தில் பிரிக்கிறாள். பால் வெட்டாதவளுக்கு லயத்தில் அறை கிடையாது. தண்ணீர் வடிந்த பிறகு, ரப்பர் தாள் உலர்த்தும் புகைக்கூடத்துக்குப் பின்னால் இருந்த விறகுக் கொட்டகையில் ஒதுங்கினாள்.

வெள்ளச் செய்தி கப்பலில் திரும்பியவர்கள் வாய்வழியே நாகப்பட்டினம் போயிற்று. அங்கே ஒரு வாலிபர் சங்கம் இருந்தது. வீடு இழந்த ஒரு குடும்பத்துக்காவது தங்கள் கையால் வீடு கட்டித் தருவோம் என்று நாலு பேர் கிளம்பினார்கள். டெக்கில் சுருண்டு படுத்து, பினாங்கில் இறங்கி, ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்புக் காவலில் இருந்து, ரயிலில் ஈப்போ வந்து, மாட்டு வண்டியில் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். யாருக்கு வீடு இல்லை என்று கேட்டார்கள். கிராணி விறகுக் கொட்டகையைக் காட்டினார்.

தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை ஒரே ஒரு வார்த்தை சொன்னார். மாட்டுக் கொட்டகைக்கு அப்பால் இருக்கும் மேட்டில் கட்டிக்கொள்ளலாம். ஊரிலிருந்து புதுக் கூலி ஆட்கள் வந்து இறங்குவதற்குள் கூரையும் அடுப்பும் இருந்தால் அவள் அங்கே இருக்கலாம். இல்லாவிட்டால் பிள்ளைகளோடு ஊருக்குக் கப்பல். விறகுக் கொட்டகையை எப்படியும் இடிக்கப் போகிறார்கள்.

ஊரில் இருளாயிக்கு ஒருவரும் இல்லை. ஐயாவு புதைந்த மண் இது. செல்லாயி பிறந்த மண்ணும் இதுதான்.

அவர்கள் வேலை செய்ததை இருளாயி பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்படி ஒன்றை அவள் அதுவரை பார்த்ததில்லை.

கார்த்திகேசு ஜவுளிக் கடைக்காரர் மகன். கோடாலி பிடித்த முதல் நாளே உள்ளங்கை கொப்பளித்தது. மறுநாள் கொப்புளம் உடைந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு வெட்டினான். காட்டுக்குள் போய் மரம் சுமந்து வந்தபோது காலெல்லாம் அட்டை தொங்கியது. உப்பு வைத்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுவிட்டு மறுபடியும் காட்டுக்குள் போனான். மரியஜோசப் படகு கட்டும் குடும்பத்துப் பிள்ளை. அவனுக்கு உளி தெரியும். மற்ற இருவரும் குழி தோண்டினார்கள், மூங்கில் பிளந்தார்கள், தட்டி முடைந்தார்கள். மழை வந்தால் நனைந்தார்கள். யாரும் யாரையும் ஏவவில்லை. யாரும் முகம் சுளிக்கவில்லை.

தரையோடு தரையாகக் கட்டலாமா என்று மரியஜோசப் முதலில் கேட்டான். "இன்னொரு வெள்ளம் வந்தா?" என்றான் கார்த்திகேசு. வீட்டுத் தளம் முழங்காலுக்கு மேல் நிற்கும்படி மரக்கால்கள் நட்டார்கள். இருளாயியின் பாதத்தை நினைத்துப் படிகளைத் தாழ்வாக வைத்தார்கள். அதை அவள் கேட்கவில்லை. ஒரு நாள் மாலை அவள் நொண்டி நடப்பதைக் கார்த்திகேசு நின்று கவனித்தான். மறுநாள் படிகள் மாறியிருந்தன.

இப்படிப்பட்ட பிள்ளைகள். ஆனால் அவள் சோற்றைத் தொடவில்லை.

இருளாயியின் ஊரில் ஒரு வழக்கம். கூலி வாங்காமல் ஒருவர் வீட்டுக்கு நாலு பேர் கூரை போட்டால், அந்த வீட்டுச் சோற்றில் அவர்கள் கை நனைக்க வேண்டும். அவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அந்த வீடு வீட்டுக்காரருடையது ஆகும். அதுவரை அது கட்டியவர்களுடையது.

கார்த்திகேசு சைவம் என்று கிராணி வீட்டு வேலைக்காரி சொல்லியிருந்தாள். அதற்காகவே இருளாயி ஒரு புதுப் பானை வாங்கினாள். கருவாடு படாத பானை. அதில்தான் தினமும் சமைத்தாள். தினமும் அந்தச் சோற்றைப் பிள்ளையும் அவளும் தின்றார்கள். மிஞ்சியது மாட்டுக்குப் போயிற்று.

"மாட்டுக்கு யோகம்லா" என்றாள் காளியம்மா. கீழ் லயத்தில் பக்கத்து அறையில் இருந்தவள். இப்போது தற்காலிகக் குடிசையில் இருக்கிறாள். அவள் நாக்குக்குத் தோட்டமே பயப்படும். "ஏன்டி இருளாயி, இன்னுமா இலை கழுவுற?"

"கழுவினா கை தேய்ஞ்சா போயிரும்?"

"கடல் தாண்டி வந்திருக்காங்க. வர்ற வழியில சாதியைக் கடல்ல போட்டிருப்பாங்கன்னு நெனச்சியோ? அது மிதக்கும்டி. கப்பல் கூடவே வந்துரும்."

"நல்ல பிள்ளைங்கக்கா. அப்படிப் பேசாதே."

"நல்ல பிள்ளைங்கதான். நான் இல்லன்னேனா? வீடு கட்டுறதுக்கு நல்லவங்க. சோறு தின்ன மட்டும் மேல் லயம்."

இருளாயி கழுவிய இலையையே மறுபடியும் கழுவினாள்.

கூரைக்கு அத்தாப்பு ஓலை பக்கத்துக் கம்போங் கிராமத்திலிருந்து வந்தது. கொண்டு வந்த மலாய்க்காரப் பெரியவர் ஓலைக்குப் பாதி விலைதான் கேட்டார். வண்டியை விட்டு இறங்கியவர் நேராகக் கொட்டகைக்கு வந்து, "கோப்பி அடா?" என்று காப்பி கேட்டார். இருளாயி பால் இல்லாத வரக்காப்பி போட்டுக் கொடுத்தாள். ஊதி ஊதிக் குடித்தார். "பாகுஸ்" என்று மெச்சிக் கோப்பையைத் திருப்பித் தந்தார். அன்று முழுதும் அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

மறுநாள் அது போயிற்று.

ஓலை வேயும்போது கார்த்திகேசுக்கு வெயில் தாங்கவில்லை. கூரை உச்சியிலிருந்து தடுமாறி இறங்கி, மரத்தடியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். உதடு வெளுத்திருந்தது. இருளாயி காய்ச்சி ஆறிய தண்ணீரைச் செம்பில் ஊற்றிச் செல்லாயியிடம் கொடுத்தாள். "ஓடு. அண்ணனுக்குக் குடு."

செல்லாயி ஓடினாள். செம்பை இரண்டு கையாலும் நீட்டினாள்.

கார்த்திகேசு கண்ணைத் திறந்தான். செம்பைப் பார்த்தான். செல்லாயியைப் பார்த்தான். சிரிக்க முயன்றான்.

"வேண்டாம் பாப்பா. ஆத்துத் தண்ணி போதும்."

எழுந்து, மரத்துக்கு மரம் கையை ஊன்றிக்கொண்டு ஆற்றுக்குப் போனான். வெள்ளம் வடிந்தும் ஆறு இன்னும் செம்மண் கலங்கலாகத்தான் ஓடியது. அதை அள்ளிக் குடித்தான். கூரை மேலிருந்த மரியஜோசப் கை ஓய்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செல்லாயி செம்போடு திரும்பி வந்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"அம்மா, நம்ம தண்ணி கலங்கலா?" என்று கேட்டாள்.

இருளாயி செம்பை வாங்கி, வெளியே கொட்டாமல், தானே அண்ணாந்து குடித்தாள். அப்போதே மனதுக்குள் ஒன்றை முடிவு செய்துவிட்டாள்.

வீடு முடிந்தது. ஓலை பொன் நிறத்தில் பளபளத்தது. ஒரு கூடம், ஓர் அறை, பின்பக்கம் சமையலுக்குச் சாய்ப்பு. சாய்ப்பில் மண் அடுப்பு. மூங்கில் தட்டிச் சுவரில் காற்று வர ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு மரியஜோசப் கதவு செய்து, அதில் படகின் முகப்பில் போடுவது போல் ஒரு பூ செதுக்கியிருந்தான்.

அன்று மாலை புது ஆட்கள் வருகிறார்கள். மதியம் கழிந்ததும் அர்ச்சுனன் கங்காணி வந்தார். தோளில் துண்டு, கையில் பிரம்பு. மேல் லயத்துப் பெரிய மனிதர். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். வீட்டின் மரக்கால் ஒன்றைத் தட்டிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"ஆள் எங்கே?"

இருளாயி விறகுக் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு துணி மூட்டை. மடியில் குழந்தை. மூட்டைக்கு அந்தப் பக்கம் செல்லாயி. கொஞ்சம் தள்ளி, வேடிக்கை பார்க்க வந்த காளியம்மா.

கார்த்திகேசு ஓடி வந்தான். "என்னம்மா இங்க உக்காந்துட்டீங்க? வாங்க, அடுப்பு மூட்டணும்ல. கங்காணி பார்த்துட்டுப் போய் துரைகிட்ட சொல்லணும்."

"நான் வரலைங்க ஐயா."

"ஏன்?"

"கப்பல்ல போயிர்றேன்."

கங்காணி பிரம்பைத் தரையில் ஊன்றினார். "ஏ இருளாயி, கிறுக்கு பிடிச்சிருச்சா? குடி இல்லாத வீட்டை நான் வீடுன்னு சொல்ல முடியாதுலா. இன்னிக்குள்ள அடுப்பு எரியலைன்னா நாளைக்கு நீ ஈப்போ ஸ்டேஷன்லதான் நிப்பே."

"நிக்கிறேன்."

கார்த்திகேசு அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கையில் சுற்றிய துணி அழுக்கேறியிருந்தது. "எங்க வேலையில ஏதாவது குறையாம்மா?"

"குறையா?" இருளாயி அந்தத் துணியைக் காட்டினாள். "எங்கப்பன்கூட எனக்கு இப்படி வீடு கட்டித் தந்ததில்ல. உங்க கை வெந்து போனதை நான் பார்த்தேன். அந்தப் படியை நான் கேக்காமலே தாழ்த்தி வச்சீங்க. அன்னிக்கு உள்ள போய் உக்காந்து அழுதேன்."

"அப்புறம்?"

"தினமும் இலை கழுவினேன் ஐயா. நாலு பேரும் கும்பிட்டுட்டுப் போனீங்க. கட்டினவங்க கை நனைக்காத வீடு உங்க வீடு. அதுல நான் எப்படிக் குடியிருக்க? என் சோறு உங்களுக்கு ஆகாது. அப்ப உங்க கூரை மட்டும் எனக்கு எப்படி ஆகும்?"

கார்த்திகேசு திகைத்துவிட்டான். பிறகு அவன் முகம் தெளிந்தது. "அட, அதுவா! அம்மா, அது எங்க சங்கத்து விதி. உதவி வாங்குறவங்க வீட்டுல சாப்பிடக் கூடாது. இல்லாத வீட்டுக்கு நாலு வயிறு பாரமாயிரக் கூடாதுன்னு வச்ச விதி. வேற ஒண்ணும் இல்ல. சத்தியமா!"

"பாரமா?" இருளாயி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்குன்னு குடுக்க இருக்குறது அந்தச் சோறு ஒண்ணுதான். அதையும் வேணாம்னுட்டா நான் பிச்சைக்காரிதானே?"

காளியம்மா நகர்ந்து வந்து இருளாயியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"விதிம்மா" என்றான் கார்த்திகேசு மறுபடியும். குரலில் முன்பிருந்த உறுதி இல்லை.

மரியஜோசப் உளியைக் கீழே வைத்தான். மெதுவாகத்தான் சொன்னான். "விதியில சோறுன்னுதான் இருக்கு கார்த்தி. தண்ணின்னு இல்ல."

கார்த்திகேசு திரும்பவில்லை.

"அன்னைக்கு அந்தப் பாப்பா செம்பை நீட்டுச்சு. நீ ஆத்துல போய்ச் சேத்துத் தண்ணியைக் குடிச்ச. நான் கூரை மேலேர்ந்து பார்த்தேன். பார்த்துட்டு, நீ குடிக்கலையேன்னு நானும் கேட்டு வாங்கிக் குடிக்கல. என் மேலயும் தப்புதான்."

தூரத்தில் புகைக்கூடத்திலிருந்து ரப்பர் புகை நாற்றம் வந்தது. கார்த்திகேசு தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கைக்கு வெட்டத் தெரிந்தது, சுமக்கத் தெரிந்தது. ஒரு செம்பு தண்ணீரை வாங்கத் தெரியவில்லை. இருளாயி அவன் முகத்தில் அதை வரி வரியாகப் படித்தாள். பாவமாக இருந்தது. ஆனால் அவள் எழவில்லை.

கங்காணி தொண்டையைச் செருமினார். கார்த்திகேசின் அருகே குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார். "தம்பி, நீங்க நல்ல குடும்பத்துப் பிள்ளை. கட்டிக் குடுத்தீங்க, அதுவே பெருசு. இதுக்கு மேல எறங்க வேணாம். இங்க கை நனைச்சா கிராணி வீட்டுப் படி ஏற முடியாது, பார்த்துக்கங்க. மேல் லயத்துலயும் ஒருத்தன் உங்களுக்குத் திண்ணையில எடம் குடுக்க மாட்டான். ராத்திரி எங்க படுப்பீங்க?"

"இங்கதான்" என்றாள் இருளாயி. "அந்தக் கூடத்துல நாலு பேரு தாராளமாப் படுக்கலாம். அவங்கதானே அளந்து கட்டினாங்க."

காளியம்மா பக்கென்று சிரித்துவிட்டாள். மரியஜோசப்பும் சிரித்தான். கார்த்திகேசு சிரிக்கவில்லை. எழுந்து நின்றான்.

"விதி விதின்னு நான் சொன்னது பொய் இல்ல" என்றான். "ஆனா அந்த விதி இல்லாட்டியும் நான் சாப்பிட்டிருக்க மாட்டேன். அது எனக்கே இப்பத்தான் தெரியுது. விதி எனக்கு வசதியா இருந்துச்சு. அதுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன்."

செல்லாயியின் முன்னால் போய் நின்றான்.

"பாப்பா, தாகமா இருக்கு. அந்தச் செம்புல தண்ணி தருவியா?"

செல்லாயி அம்மாவைப் பார்த்தாள். இருளாயி தலையசைத்தாள். செல்லாயி உள்ளே ஓடித் தண்ணீர் கொண்டு வந்தாள். இந்த முறை ஓடிய வேகத்தில் பாதி வழியில் சிந்தியது. அவன் இரண்டு கையாலும் வாங்கினான். நின்றபடியே முழுவதும் குடித்தான். தொண்டை ஏறி இறங்குவதை எல்லோரும் பார்த்தார்கள்.

"அக்கா" என்றான். அதுவரை அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டிருந்தான். "இன்னைக்கும் சமைச்சிருக்கீங்களா?"

இருளாயி பானையைக் காட்டினாள்.

பானையைக் கார்த்திகேசு தூக்கினான். அவள் பதறினாள். அவன் கேட்கவில்லை. மேட்டில் ஏறிப் புது அடுப்பின் மேல் பானையை வைத்தான். மரியஜோசப் மூட்டையை எடுத்துக்கொண்டான். குழந்தையைக் காளியம்மா வாங்கிக்கொண்டாள். தாழ்வான அந்தப் படிகளில் இருளாயி தன் நசுங்கிய பாதத்தை ஊன்றினாள். வலிக்கவில்லை. மெல்ல ஏறி உள்ளே போனாள். தீ மூட்டினாள். புது ஓலைக்கு அடியில் முதல் புகை எழுந்தது.

கூடத்தில் பாய் விரித்து நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். இலை விழுந்தது. சோறு விழுந்தது. கிழங்கு மசியலைப் பார்த்துவிட்டு மரியஜோசப் பெருமூச்சு விட்டான்.

"அக்கா, கருவாடு இல்லையா?"

"இந்தத் தம்பிக்கு ஆகாதுன்னு கருவாடே படாத புதுப்பானையில சமைச்சேன். வந்த நாளா."

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கார்த்திகேசின் கை நின்றது. அவன் தலை குனிந்தான். வந்த நாளாக அவள் அவனுக்காக யோசித்துச் சமைத்திருக்கிறாள். முதல் கவளத்தை அவன் விழுங்கச் சிரமப்பட்டான். இரண்டாவது எளிதாகப் போயிற்று.

கங்காணி வாசலுக்கு வெளியே நின்றார். படி ஏறவில்லை. "ஊருக்குத் தெரிஞ்சா உங்க வீட்டுல என்ன சொல்வாங்க தம்பி?" என்றார்.

கார்த்திகேசு கையை இலையில் வைத்தபடியே அவரைப் பார்த்தான். குரல் உயரவில்லை.

"நானே போய்ச் சொல்லப் போறேன். அந்த விதியையும் எடுக்கச் சொல்லப் போறேன். கங்காணி, குடுக்க வர்றவன் முதல்ல வாங்கக் கத்துக்கணும். இவங்க கைச்சோறு எனக்குத் தீட்டுன்னா, என் கை கட்டின கூரையும் இவங்களுக்குத் தீட்டுதான். ஒருத்தரை நமக்குச் சமமா நெனைக்காம அவங்களுக்கு என்ன செஞ்சாலும் அது உதவி ஆகாது. கடல் தாண்டி வந்து இதைத்தான் நான் படிச்சேன்."

கங்காணி ஜன்னலில் செதுக்கியிருந்த பூவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "அடுப்பு எரியுதுன்னு துரைகிட்ட சொல்லிர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

கார்த்திகேசு அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இருளாயி அகப்பையோடு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"நல்லாத்தான் பேசுறீங்க தம்பி" என்றாள். "பேசினது போதும், கை காயுது. இன்னும் கொஞ்சம் சோறு போடட்டா?"